பாய்லருக்கு வைத்த பொட்டு

திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் போகிற தெருவில் துரைக்கண்ணுவின் டிபன் கடை இருக்கிறது. அதன் சமையற்கட்டில் ஒரு பாய்லர் உண்டு. ஆளுயர இரும்பு உருளை. அடியில் கேஸ் அடுப்பு, தலையில் குழாய். குழாய் வழியாகப் போகும் நீராவியில் பக்கத்துப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக இட்லி வேகும். உருளையின் மேற்புறத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி மீட்டர். உள்ளே ஆவி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதை அதிலுள்ள முள் காட்டும்.

நிர்மலா துரைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து, அவர்கள் மகளும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். ஆனால் அந்த முள்ளை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மீட்டர் முகம்போல வட்டமாக இருந்ததுதான் காரணம். முகம் என்றால் பொட்டு வைக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமைதோறும் துரைக்கண்ணு குளித்துவிட்டு வந்து, குழைத்த சந்தனத்தைக் கண்ணாடிமேல் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பான். அவனுக்கு முன்னால் அவனுடைய அப்பா வைத்தார். காய்ந்த பொட்டின்மேல் ஈரப் பொட்டு ஏறி, அது காய்ந்ததும் அதன்மேல் அடுத்தது ஏறி, கண்ணாடி எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போயிருந்தது.

“அப்ப ஆவி எவ்ளோ கீதுன்னு எப்படிங்க தெரியும்?” என்று புதிதில் அவள் கேட்டாள்.

“சத்தத்துலயே தெரியும்மே. நைனாவுக்குத் தெரிஞ்சிது, எனக்குத் தெரியுது. உனக்கும் போகப் போகத் தெரியும்.”

அவளுக்குத் தெரியவேயில்லை. ஆனால் கடை ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

நிர்மலா பிறந்தது மணவூரில். அப்பா அம்மா இருவரும் கழனி வேலைக்குப் போனவர்கள். பிளஸ் டூ முடித்ததும் அவள் ரயிலேறி, பிறகு கம்பெனி பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே ஷிஃப்ட் தொடங்குமுன் அவரவர் மெஷினை அவரவரே தொட்டுப் பார்க்க வேண்டும். நேற்று நன்றாக ஓடிய மெஷின்தானே என்று யாரும் சொல்ல முடியாது. அது அவளுக்கு அப்போது பிடிக்கவில்லை. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபோது அந்தத் தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள். கல்லாவில் உட்கார்ந்தாள், மாவுக்கு அரிசி உளுந்து அளந்து போட்டாள், ஆந்திராவிலிருந்து வருகிறவர்களிடம் பேசப் பேசத் தெலுங்கும் கற்றுக்கொண்டாள்.

கோயில் ஊரில் கடை வைத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதுவே அவர்களுக்குக் கெடுதலும். வருகிறவர்கள் விரதத்தோடு வருகிறார்கள். மாலை போட்டிருக்கும்போது சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள். அந்த அடுத்த முறை வருவதற்கு ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷமும் கடைக்காரர் தன் கடையில் குறையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நிர்மலாவுக்கு இது தெரியவந்தது வைகாசியில்.

ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து முனிரத்தினம் என்று ஒரு பெரியவர் வருஷாவருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் தன் ஊர்க்காரர்களைக் காவடியோடு அழைத்து வருவார். மாமனார் காலத்திலிருந்தே அந்தக் கூட்டம் முழுக்க இவர்கள் கடையில்தான் சாப்பிடும். போன ஆடியில் பரணியன்று சாயங்காலம் வந்தார்கள். மறுநாள் கிருத்திகைக் காலையில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்காகக் கரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. மலையில் கூட்டம் அதிகம், அதனால் வர முடியாமல் போயிருக்கும் என்று துரைக்கண்ணு சொல்லிவிட்டான்.

வைகாசியில் அவர் சத்திரத்தில் இடம் சொல்லி வைக்க வந்திருந்தார். கடை வாசலை ஏறிட்டும் பார்க்காமல், எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்துபோனார். நிர்மலா கல்லாவை விட்டு இறங்கி ஓடினாள்.

“இன்னா மாமா, எங்களப் பாக்காமயே போறீங்க?”

“லேதம்மா, ஒண்ணுமில்ல... நகரி பஸ்ஸு போயிடும்.”

“ஒரு பஸ்ஸு போனா இன்னொன்னு வந்துகினேதான் கீது. போன ஆடிக்குக் காலைல வரலையே, இன்னா ஆச்சி?”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சொன்னா மனசு கஷ்டப்படுவே அம்மாயி.”

“சொல்லாம போனீங்களே, அதுதான் மாமா கஷ்டமா கீது.”

“இட்லி மேல வெந்துருந்துது. உள்ள மாவு. என் பேத்தி புட்டுப் பாத்துட்டு, ‘தாத்தா, இந்த இட்லி உள்ள இன்னும் தூங்கினு கீது’ன்னா. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் எப்படி மறுநாளு வர்றது?”

“அப்பவே எங்கிட்டச் சொல்லியிருந்தா வேற ஈடு வெச்சிக் குடுத்திருப்பேனே?”

“காவடி தூக்கி வந்த எடத்துல சோத்தக் குத்தம் சொல்வாங்களா?”

“இந்த ஆடிக்கு வருவீங்களா, மாட்டீங்களா?”

“முருகன் விட்ட வழி” என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தப் பதில் அவளுக்கு உறைத்தது. வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இந்த ஆடியும் வராவிட்டால் அதற்குப் பிறகு என்றைக்கும் வரமாட்டார்கள். நகரியில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அவரைப் பார்த்துத்தான் புத்தூர்க்காரர்களும் இந்தக் கடைக்கு வருகிறார்கள். எப்படியும் அவரைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அதற்கு முதலில் அந்த இட்லியை அவளே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சொன்னால் நம்பமாட்டார்கள், அவள் தன் கடை இட்லியைச் சாப்பிட்டே வருஷக்கணக்காகிவிட்டது. விடியற்காலையிலிருந்து அந்த ஆவி வாசனையிலேயே நின்றால் இட்லி வாயில் இறங்காது. அவர்கள் வீட்டில் பழைய சோறும் மோருந்தான் காலை ஆகாரம்.

மறுநாள் காலை நல்ல கூட்டத்தில் அவள் கல்லாவைக் கணவனிடம் விட்டுவிட்டு, கடைசி மேசையில் போய் உட்கார்ந்தாள். பரிமாறுகிற யுவஸ்ரீ திருவாலங்காட்டுப் பெண், வாய்த்துடுக்கு அதிகம்.

“இன்னாக்கா, கெஸ்ட் மாதிரி குந்திட்டீங்க?”

“கெஸ்ட்டுதான். எலையப் போடு.”

“சாப்ட்டுட்டு கல்லாவுல காசு குடுத்துட்டுப் போங்க. ஓசியெல்லாம் கெடையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். நிர்மலா சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தாள். மின்விசிறியின் இறக்கைகளில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கல்லாவிலிருந்து பார்த்தால் அது தெரியாது. தண்ணீர் டம்ளரில் முந்தைய நாள் சாம்பார் வாசம். கை கழுவும் குழாயைத் திறந்தால் தண்ணீர் சேலையில் தெறித்தது. பிறகு இட்லி வந்தது. பிட்டாள். பேத்தி சொன்னது சரிதான். நடுவில் வெள்ளையாக, ஈரமாக, மாவு.

அவள் இலையோடு எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். இட்லி மாஸ்டர் ராஜமாணிக்கம் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இது இன்னா?”

அவர் எட்டிப் பார்த்தார். “ஓ, நடுத்தட்டா? உங்களுக்கு எவ வெச்சா அத? நடுத்தட்டு எப்பவுமே கொஞ்சம் லேட்டு. அதனாலதான் அத நான் பார்சலுக்குப் போட்டுடுவேன்.”

“பார்சலுக்கா?”

“பார்சல் வாங்கினவன் பஸ் ஏறிடுவான். எந்தூருலருந்து வந்து கேக்கப்போறான்?” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தந்திரமும் இல்லை. நல்ல யோசனை ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். சாதாரண நாளில் அந்த யோசனையை வைத்து ஒப்பேற்றிவிடலாம். ஆடிப் பரணிக்கும் கிருத்திகைக்கும் எல்லாத் தட்டும் இலைக்குத்தான் போகும். போன வருஷம் முனிரத்தினத்தின் ஆட்களுக்கு அப்படித்தான் போயிற்று.

“எப்பலருந்து லேட்டு?”

ராஜமாணிக்கம் யோசித்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது ஒருநாளில் வந்த கோளாறு இல்லை. ஈடு வேக எடுக்கும் நேரம் மெல்ல மெல்லக் கூடியது, சிலிண்டர் மெல்ல மெல்லச் சீக்கிரம் தீர்ந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

மத்தியானம் கடை ஓய்ந்ததும் நிர்மலா துரைக்கண்ணுவிடம் சொன்னாள். “கடைய ரெண்டு மூணு நாள் மூடணுங்க. பாய்லரக் கழட்டிப் பாக்கணும்.”

“ஓடிகினு கீறத எதுக்குமே கழட்டணும்?”

“ஓடல. இழுத்துகினு கீது.”

“கழட்டி எதனா ஒடஞ்சிட்டா? ஆடி வந்துகினு கீது.”

“ஆடி வர்றதாலதான் சொல்றேன்.”

“நைனா காலத்துலருந்து ஒருநாள்கூட இந்த பாய்லர் நின்னதில்ல தெரியுமா? ஆயுத பூசைக்கு மட்டுந்தான் லீவு.”

“அன்னிக்கும் அதுக்கு மாலை போட்டோம். தொறந்து பாத்தோமா?”

அவன் பேப்பரை எடுத்து விரித்தான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நிர்மலா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு பாய்லரிடம் போனாள்.

“ஏய்! இன்னாமே பண்ற?” பேப்பர் கீழே விழுந்தது. “பொட்ட அழிப்பாங்களா யாரனா? நல்லா வாழற ஊட்டுல?”

அவன் உண்மையாகவே பயந்திருந்தான். நிர்மலா கையை இறக்கினாள். அவளுக்கும் ஒரு கணம் தயக்கம் வந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“நானுந்தான் பொட்டு வெக்கிறேன். தெனம் மூஞ்சி கழுவிட்டு வெக்கிறேன். கல்யாணத்தன்னிக்கு வெச்ச பொட்டு மேலயே தெனம் ஒன்ன அப்பிகினு வந்திருந்தா, எம்மூஞ்சி உங்களுக்கு அடையாளம் தெரியுமா?”

பின்னால் ராஜமாணிக்கம் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். துரைக்கண்ணு அவரை முறைத்தான். பிறகு எழுந்து வந்து, துணியை அவள் கையிலிருந்து வாங்கினான்.

“கழுவறேன்னு சொல்லு. அழிக்கிறேன்னு சொல்லாத.”

“நான் எப்ப அழிக்கிறேன்னு சொன்னேன்?”

அவன் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, சாமி சிலைக்கு அபிஷேகம் செய்வதுபோல மெதுவாக ஊற்றினான். மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து ஓடியது. அடியில் இருந்தது கரையவில்லை. தேங்காய்த் துருவும் கரண்டியின் பிடியால் நெம்ப, பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழுந்தது. கடைசியில் கண்ணாடி தெரிந்தது. உள்ளே முள் தெரிந்தது.

முள் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

அடுப்பு அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பாய்லரில் கை வைத்தால் சுடவில்லை. ஆவியே இல்லாத பாய்லரில் முள் எப்படிப் பாதியில் நிற்கும்? துரைக்கண்ணு விரலால் தட்டினான். முள் அசையவில்லை. எந்தக் காலத்தில் செத்ததோ, அப்படியே நின்றிருந்தது.

ராஜமாணிக்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. “அப்ப இத்தினி வருஷமா எத நம்பி நான் இதும்பக்கத்துல நின்னுகினு இருந்தேன்?” என்றார்.

துரைக்கண்ணுவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பாய்லர் மெக்கானிக்கைக் கூட்டிவர அவனே அரக்கோணத்துக்குக் கிளம்பினான்.

மெக்கானிக் திறந்து பார்த்தபோது உள்ளே வாளியில் அள்ளும் அளவுக்கு உப்புக் கட்டி. போர் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்புபோல இறுகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. அந்தக் கட்டியைச் சூடாக்கிய பிறகுதான் நெருப்பு தண்ணீரையே தொட்டிருக்கிறது. ஆவி குறைந்தது அதனால்தான். அதைவிட மோசம் சேஃப்டி வால்வு. ஆவி மிஞ்சினால் தானாகத் திறந்து வெளியே விடவேண்டியது அது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதன் கழுத்தில்தான் பூச்சரமும் எலுமிச்சம்பழக் கயிறும் கட்டுவார்கள். காய்ந்த நாரும் நூலும் துருவோடு சேர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருந்தன. மெக்கானிக் நாரை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். “ஏன் வேகலன்னு என்னைக் கூப்புட்டீங்க. ஏன் வெடிக்கலன்னுதான் நீங்க கேக்கணும்” என்றார்.

பாய்லர், அபாய எல்லைக்குச் சிவப்புக் கோடு போட்ட புது மீட்டரோடும் புது வால்வோடும் திரும்ப நின்றது. நிர்மலாவுக்கு அதோடு மனசு ஆறவில்லை. இன்றைக்குக் கழுவியாகிவிட்டது, நாளைக்கு மறுபடி உப்பு ஏறத்தானே போகிறது? உப்பு ஏறுவது பாய்லரில் மட்டுமா? மின்விசிறியில், டம்ளரில், பார்சலுக்கு நடுத்தட்டு போடுகிற பழக்கத்தில், எல்லாவற்றிலும் ஏறுகிறது. கம்பெனியில் மெஷினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது எதற்கென்று அவளுக்கு இப்போது புரிந்தது.

“மாசா மாசம் கிருத்திகைக்கு மறுநாள் கடைக்கு லீவு” என்றாள். “கூட்டம் போனப்புறம் எல்லாத்தையும் தொறந்து பாக்கறோம். நாம எல்லாரும் இங்கியே குந்தி சாப்படறோம். ஆளுக்கொரு கொற சொல்றோம்.”

“மாசா மாசம் ஆயுத பூசையா?” என்றாள் யுவஸ்ரீ. “அப்ப பொரி கடல உண்டா?”

“வேல முடிஞ்சப்புறம் உண்டு.”

ஆனியில் முதல் முறை செய்தார்கள். குறை சொல்லச் சொன்னதும் எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். நிர்மலா யுவஸ்ரீயைச் சீண்டினாள். “மத்த நாள்ல வாய் ஓயாதே, இப்ப இன்னா?”

“சொல்லுவேன், கோச்சிக்கக் கூடாது. கூட்டத்துல நீங்க ஃபோன்ல பேசிகினே சில்லற குடுக்கறீங்கக்கா. வந்தவங்க மூஞ்சியப் பாக்கறதில்ல.”

நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. “ஆங்... சரி” என்றாள். மறுநாளிலிருந்து ஃபோன் அரிசி டின் மேல் ஏறியது.

ஆடி வந்தது. பரணியன்று ஊர் முழுக்க மஞ்சள் வேட்டிகளும் அரோகராவும். அன்று சாயங்காலம் முனிரத்தினத்தின் ஆட்கள் யாரும் கடைக்கு வரவில்லை. மறுநாள் கிருத்திகை. காவடி செலுத்திவிட்டு ஜனங்கள் மலையிலிருந்து இறங்க இறங்கக் கடை நிரம்பியது. அந்த நெரிசலில் அவள் தலையை நிமிர்த்தியபோது வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பேத்தி. பின்னால் தெருவில் அவருடைய கூட்டம், உள்ளே வருவதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தபடி.

“வாங்க மாமா” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சமையற்கட்டிலிருந்து ராஜமாணிக்கம் கத்தினார். “முள் ஏறுது! சேப்புக் கோடுகிட்டப் போவுது!”

தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, பாய்லருக்குத் தண்ணீர் ஏறாமல் நின்றுவிட்டது. நிர்மலா ஓடிப் போய் கேஸை அணைத்தாள். அணைக்கும்போதே சேஃப்டி வால்வு சீறிக்கொண்டு திறந்து, ஆவியைக் கூரைக்கு விட்டது.

“இது கொஞ்சம் எறங்கினதும் மூட்டி, இந்த ஒரு ஈடு மட்டும் எடுத்துடலாம்மே” என்றான் துரைக்கண்ணு, வாசலைப் பார்த்துக்கொண்டே. “அவரு வந்து நிக்கறாரு.”

“வேணாம். மோட்டாரப் போடுங்க. தண்ணி ரொம்பட்டும். அப்புறந்தான் அடுப்பு.”

அவள் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு பொய் சொல்லி உட்கார வைக்கலாம், சட்னி தாளிக்கிறோம் என்று. அவளுக்கு அது தோன்றாமல் இல்லை.

“மாமா, பாய்லர்ல தண்ணி கொறஞ்சிடுச்சி. நிறுத்திட்டேன். அர மணி நேரம் ஆவும். இப்பவே எடுத்துக் குடுத்தா, போன வருஷம் மாதிரிதான் நடுவுல வேகாம வரும். அதக் குடுக்க மாட்டேன்.”

கூட்டத்தில் சிலர் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார்கள். முனிரத்தினம் அவளையும், உள்ளே சீறிக்கொண்டிருந்த பாய்லரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத்தினி கூட்டத்துல அடுப்ப நிறுத்திட்டியா?”

“நிறுத்திட்டேன், மாமா.”

அவர் துண்டை உதறிப் படியில் விரித்து உட்கார்ந்தார். “கூர்ச்சோண்டி” என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் கடை ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

இட்லி வந்தபோது முனிரத்தினம் சாப்பிடத் தொடங்கவில்லை. பேத்தியைப் பார்த்தார். அவள் ஒரு இட்லியை இரண்டாகப் பிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“முழிச்சிகிச்சி தாத்தா.”

“தின்னு அப்போ” என்றார் அவர். பிறகு யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். “எல்லாருக்கும் வெய்யிம்மா. நாளன்னிக்குக் காலைலதான் ஊருக்குக் கெளம்புறோம். அன்னிக்கும் இங்கதான்.”

மறுநாள் காலை நிர்மலா கண் விழிக்கும்போது கால் இரண்டும் வீங்கியிருந்தன. பொய்கையில் தெப்பம் இன்னும் இருந்தது, ஊரில் கூட்டம் குறையவில்லை. இந்த ஒரு மாசம் விட்டால்தான் என்ன என்று அவளுக்கே தோன்றியது. அதைச் சொல்லத்தான் கடைக்கு வந்தாள்.

கதவு பாதி சாத்தியிருந்தது. ‘கிருத்திகை மறுநாள் விடுமுறை’ அட்டையைத் துரைக்கண்ணு ஆணியில் மாட்டிவிட்டிருந்தான். பாய்லரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டு, கலங்கிய தண்ணீர் வெளியேறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மீட்டர் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. முள் கீழே படுத்திருந்தது. கண்ணாடிக்குக் கொஞ்சம் கீழே, வெறும் இரும்பில், புதிதாக ஒரு சந்தனப் பொட்டு.

“வந்துட்டியா? அந்த ஃபேன்ல யாரு ஏறுறது, நீயா நானா?” என்றான்.

நிர்மலா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலை இழுத்தாள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். “இன்னா கடைங்க இது, இம்மாங் கூட்டத்துல மூடி வெச்சிகினு கீறீங்க?”

துரைக்கண்ணு நிமிராமலே குரல் கொடுத்தான். “பாய்லரக் கழுவிகினு கீறோங்க. இன்னிக்கு இட்லி எங்களுக்கு. நாளைக்கு வாங்க.”